உயிர் மீண்டது, உழைக்கும் கை மீண்டதா?

"ஆஸ்பத்திரிக்கு யந்திரம் வந்துவிட்டது, இனி ஏழைக்குக் கவலை இல்லை" என்று சொல்லுகிறார்கள். மந்திரி வருகிறார். நாடா வெட்டுகிறார். வரிசையாக நிற்கும் சுவாச யந்திரங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் அந்தப் படம்.

யந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேண்டும், தாலுகா ஆஸ்பத்திரி வரைக்கும் வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்த யந்திரத்தில் இருபது நாள் கிடந்து பிழைத்த மனிதன் எழுந்து நிற்பதற்கும், நாலடி நடப்பதற்கும், ஒரு வாய்ச் சோற்றைப் புரையேறாமல் விழுங்குவதற்கும், மறுபடி வேலைக்குப் போவதற்கும் யார் துணை? அதற்கு ஆள் எங்கே? ஆள் இருந்தால், அந்த ஆளுக்குப் பயிற்சி எங்கே?

நாடா வெட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லுவதில்லை. கேட்பாரும் இல்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம். ஆளின் பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். கோவை வட்டாரத்து நூல் மில் ஒன்றில் ரிங் பிரேமில் வேலை பார்த்த தோழர். நாற்பத்திரண்டு வயது. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டது. மூன்றாம் ஷிப்டு முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நிமோனியா என்றார்கள். மூச்சுத் திணறவே தொண்டையில் குழாய் இறக்கி யந்திரத்தில் வைத்தார்கள். பத்தொன்பது நாள். டாக்டர்கள் போராடினார்கள், நர்சுகள் கண் விழித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. தோழர் பிழைத்தார்.

வார்டுக்கு மாற்றிய அன்று அவருடைய மனைவி கேட்டார்: "ஏனுங்க, இவரு எப்பங்க எந்திரிச்சு நடப்பாரு?"

"உசுரு பொழச்சதே பெரிசும்மா. வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி நல்ல சாப்பாடாக் குடுங்க. சரியாப் போயிரும்."

சரியாகப் போகவில்லை. கை தலைக்கு மேல் எழவில்லை. சட்டைப் பொத்தான் போட விரல் வளையவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. ஆறு மாதம் கழித்து மில்லுக்குப் போனார். ரிங் பிரேமுக்கு நடுவே ஒரு ஷிப்டு முழுவதும் நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டுவது என்றால் என்ன என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் பாதி ஷிப்டு. இரண்டாம் நாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது ஒரு கடை வாசலில் இராக் காவல் இருக்கிறார்.

அந்தப் பத்தொன்பது நாளில் ஒரு நாளாவது யாராவது வந்து அவருடைய கையையும் காலையும் அசைத்துப் பார்த்தார்களா என்று விசாரித்தோம். ஒரே ஒரு தடவை பிசியோதெரபிஸ்ட் வந்தாராம். படுக்கை ஓரம் வரைக்கும் வந்து, குழாய்களையும் யந்திரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வார்டுக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று திரும்பிவிட்டாராம்.

அந்த இளைஞர் மீது குற்றமா? இல்லை என்கிறோம். நாலரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் சுவாச யந்திரத்தில் கிடக்கும் நோயாளியைத் தொட்டு எழுப்புவது எப்படி என்று பக்கத்தில் நின்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆகவே பயந்தார். பயந்தது நேர்மை. தெரியாமல் தொட்டுத் தொண்டைக் குழாய் நழுவியிருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும். பயிற்சி தராமல் அவரை அந்தக் கட்டிலின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் யாரோ, அவர்களே குற்றவாளிகள்.

"படுத்துக் கிடந்தால் கொஞ்சம் மெலிவது சகஜந்தானே" என்று கேட்பார்கள். கொஞ்சமா? லண்டனில் தீவிர சிகிச்சையில் இருந்த 63 நோயாளிகளின் தொடைத் தசையை அளந்து பார்த்தார்கள். 2013-ல் வெளிவந்த கணக்கு இது: பத்தே நாளில் தசையின் பருமன் சுமார் 18 சதவிகிதம் கரைந்துவிட்டது. நூறு ரூபாய் முதலில் பத்து நாளில் பதினெட்டு ரூபாய் நஷ்டம் என்றால் முதலாளி சும்மா இருப்பாரா? தொழிலாளிக்கு முதல் என்பது இந்தத் தசைதானே! நோயின் கடுமையும் அசையாத கிடையும் சேர்ந்து தசையை அரிக்கின்றன, நரம்பையும் தாக்குகின்றன. இதற்கு டாக்டர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: தீவிர சிகிச்சையில் வந்துசேரும் பலவீனம். அதோடு மனக் குழப்பம், ஞாபக மறதி, தூக்கத்தில் அலறல். 2012-ல் இவையெல்லாவற்றையும் சேர்த்து ஒரே பெயரில் ஒரு நோய்த் தொகுதியாக எழுதி வைத்தார்கள்.

கனடா நாட்டு டொரன்டோவிலிருந்து 2003-ல் இன்னொரு கணக்கு வந்தது. நுரையீரல் பழுதாகிச் சாவின் வாசல் வரை போய்த் திரும்பிய 109 பேரை ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். நடுத்தர வயது, சுமார் நாற்பத்தைந்து. வேலை செய்கிற வயது. தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டு வெளியே வரும்போது உடல் எடையில் 18 சதவிகிதம் போயிருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வேலைக்குத் திரும்பியவர்கள் பாதிப் பேர்தான். நுரையீரல் பெரும்பாலும் தேறியிருந்தது; கை காலில்தான் வலுவில்லை.

இதை நம் நாட்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய் உதவித் தொகை வருஷத்துக்கு 91 நாள். கூலியில் 70 சதவிகிதம். பட்டியலில் உள்ள சில நீண்டகால நோய்களுக்கு மட்டுமே அதற்கு மேல் உண்டு. ஒரு வருஷத்திலும் பாதிப் பேர் வேலைக்குத் திரும்ப முடியாத நோய்க்கு, 91 நாள் சோறு! தொண்ணூற்றிரண்டாம் நாள் அந்தக் குடும்பம் என்ன சாப்பிடும்? 2019 ஜூலையில் இ.எஸ்.ஐ.க்கு முதலாளிகள் கட்ட வேண்டிய பங்கை 4.75 சதவிகிதத்திலிருந்து 3.25 சதவிகிதமாகக் குறைத்தார்களே, அப்போது இந்தத் தொண்ணூற்றிரண்டாம் நாளைப் பற்றி யாராவது பேசினார்களா?

வயலில் வேலை செய்கிறவனுக்கு இந்த 91 நாளும் கிடையாது. அவனுக்கு இ.எஸ்.ஐ.யே இல்லை. ஆனால் தீவிர சிகிச்சைக் கட்டிலுக்கு அவன் அடிக்கடி வருகிறான். எப்படி வருகிறான்? கட்டுவிரியன் கடித்து வருகிறான். பூச்சிமருந்து உடம்பில் ஏறி வருகிறான். அடிக்கும்போது ஏறுவதும் உண்டு. கடன்காரன் வாசலில் வந்து நின்ற இரவில் குடித்துவிடுவதும் உண்டு.

கட்டுவிரியனைப் பற்றிக் கிராமத்தில் விளக்க வேண்டியதில்லை. தரையில் படுத்துத் தூங்குகிறவனை இராத்திரியில் கடிக்கும். கடித்தது கூடத் தெரியாது. விடியும்போது கண் இமை தூக்க முடியாது, பேச்சு குழறும், பிறகு மூச்சு நிற்கும். 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக் கடிக்குச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். யந்திரத்தில் வைத்து நாள் கடத்தினால் பலர் பிழைக்கிறார்கள். ஆனால் ஒரு பயங்கரம் கேளுங்கள். கட்டுவிரியன் விஷம் ஏறியவனுக்குக் கை அசையாது, கால் அசையாது, இமை திறக்காது. ஆனால் அறிவு இருக்கும்! பக்கத்தில் பேசுவது அத்தனையும் காதில் விழும். மூளை செத்துவிட்டது என்று தவறாக நினைத்த சம்பவங்களும் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அப்படிக் கிடக்கிறவனின் காதருகே போய், "அண்ணே, நான்தான் வந்திருக்கேன், இப்போ உங்க கையை மடக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுகிற ஆள் வேண்டும். புரட்டிப் படுக்கவைத்துப் புண் வராமல் பார்க்கிற ஆள் வேண்டும்.

பூச்சிமருந்து விஷயமும் அப்படித்தான். பாஸ்பரஸ் ரக மருந்து உடம்பில் ஏறினால் நுரையீரலில் சளி பொங்கும். அதை வெளியே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் நிமோனியா. இரண்டு மூன்று நாளில் "ஆள் தேறிவிட்டான்" என்று எல்லோரும் மூச்சு விடுகிற நேரத்தில் கழுத்துத் தசை தளரும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. தொடர்ந்து மூச்சுத் தசையும் விழும். இதை 1987-ல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் இலங்கை டாக்டர்கள், சேனநாயக்கவும் கரல்லியத்தவும். தினமும் தொட்டுப் பார்த்து, "தலையைத் தூக்குங்க" என்று சொல்லிப் பார்க்கிற பழக்கமுள்ள தெரபிஸ்ட் அந்தத் தளர்ச்சியை முதலில் கண்டுபிடித்து டாக்டரைக் கூப்பிட முடியும். பழகாத ஆளுக்கு அது கண்ணில் படாது.

சரி, அப்படி என்ன பெரிய பயிற்சி? "கையைக் காலை நீட்டி மடக்குவதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

முதலாவது, பார்க்கத் தெரிய வேண்டும். கட்டிலுக்கு மேலே ஓடும் திரையில் நாடித் துடிப்பு எது, ரத்த அழுத்தம் எது, பிராணவாயு எது? யந்திரம் முழு மூச்சையும் தானே தருகிறதா, நோயாளியும் கொஞ்சம் இழுக்கிறானா? தொண்டையில் ஒரு குழாய், கழுத்து நரம்பில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று, மூத்திரத்துக்கு ஒன்று, சில சமயம் விலாவில் ஒன்று. இத்தனைக்கும் நடுவில் ஆளை உட்கார வைக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை இது. ஒருவர் குழாயைப் பிடிக்க, ஒருவர் முதுகைத் தாங்க, ஒருவர் திரையைப் பார்க்க, ஒருவர் காலை இறக்க. பேல் ஏற்றுகிறவர்களுக்கும் நடவு போடுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டுமா, சேர்ந்து செய்கிற வேலையில் ஒரு கை பிசகினால் என்ன ஆகும் என்று?

இரண்டாவது, எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று தெரிய வேண்டும். ஆஸ்திரேலியாவின் கேரல் ஹாட்ஜ்சன் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் கூடி 2014-ல் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். ரோட்டில் சிக்னல் விளக்கு இருக்கிறதல்லவா, அதே மாதிரி: பச்சை, மஞ்சள், சிவப்பு. ரத்தத்தில் பிராணவாயு 90 சதவிகிதத்துக்குக் குறையாமல், யந்திரம் தரும் காற்றில் பிராணவாயு 60 சதவிகிதத்துக்கு மேற்படாமல் இருந்தால் மூச்சு விஷயத்தில் பச்சை. ரத்த அழுத்தம், நாடி, மூளை நிலை என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி உண்டு. சிவப்பென்றால் கட்டிலை விட்டு இறக்காதே. மஞ்சள் என்றால் டாக்டரோடு கலந்து பேசிச் செய். யந்திரம் வாங்கக் காசில்லை என்று இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. சுவரில் ஒட்டுகிற ஒரு தாள், படிக்கத் தெரிந்த ஒரு ஆள்.

மூன்றாவது, கைக் கணக்கு. தோள், முழங்கை, மணிக்கட்டு. இடுப்பு, முழங்கால், கணுக்கால். வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் ஆறு. ஒவ்வொன்றின் பலத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க். முழு மார்க் 60. நாற்பத்தெட்டுக்குக் கீழே போனால் அந்தப் பலவீனம் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இதற்கு ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். கண் விழித்துச் சொன்னதைக் கேட்கிற நோயாளியும், பழகிய ஒரு கையும் போதும். நம்முடைய மில் தோழருக்கு இந்தக் கணக்கை ஒரு தடவையாவது போட்டிருந்தால், "சாப்பாடு குடுங்க, சரியாப் போயிரும்" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவை பிசியோதெரபிஸ்டுக்கு. பேச்சு, விழுங்குதல் பார்க்கிற தெரபிஸ்டின் வேலை வேறு. நாள் கணக்கில் குழாய் கிடந்த தொண்டை விழுங்க மறந்திருக்கும், கொடுக்கிற கஞ்சி வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும், மறுபடி நிமோனியா. அன்போடு ஊட்டிய கஞ்சியே எமன் ஆகிறது. எதை, எந்தப் பதத்தில், எப்படி உட்காரவைத்துக் கொடுப்பது என்று சோதித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று இன்னொருவர். அவர் பல் துலக்க, முகம் கழுவ, சீப்புப் பிடிக்கப் பழக்குவார். பகல் எது இரவு எது என்று தெரியாமல் பிதற்றுகிறவனுக்குக் கடிகாரத்தைக் காட்டி, மூக்குக் கண்ணாடியை மாட்டி, வீட்டு ஆளை அழைத்து வந்து பேசவைப்பார். இது இல்லாத இடத்தில் என்ன செய்கிறார்கள்? கையைக் கட்டிலோடு துணியால் கட்டிவிடுகிறார்கள்.

இத்தனையும் வகுப்பில் உட்கார்ந்து கேட்டால் வராது. மில்லில் புதிய பையனை இரண்டு நாள் பிரசங்கம் கேட்கவைத்து மூன்றாம் நாள் தனியாக ரிங் பிரேமில் விடுகிறோமா? பழகியவன் பக்கத்தில் மாதக் கணக்கில் நிற்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிர சிகிச்சையில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்டுக்குக் குறைந்தபட்சம் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நிபுணர்கள் எழுதினார்கள். அந்தப் பட்டியலில் 132 அம்சங்கள். குறைந்தபட்சமே இவ்வளவு! சனி ஞாயிறு இரண்டு நாள் முகாம் நடத்தி, சாப்பாடு போட்டு, சர்டிபிகேட் கொடுத்து அனுப்புவதைப் பயிற்சி என்று நம்மிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

இனி எதிர்த் தரப்பின் பெரிய அஸ்திரத்துக்கு வருவோம். "இதனால் பலனில்லை என்று வெளிநாட்டு ஆராய்ச்சியே சொல்லிவிட்டது" என்கிறார்கள். மறைக்க நமக்கு ஒன்றும் இல்லை. முழுவதையும் வைத்துப் பேசுவோம்.

2009-ல் அமெரிக்காவில் சிக்காகோவிலும் அயோவாவிலும் 104 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். யந்திரத்தில் வைத்த ஓரிரு நாளிலேயே மயக்க மருந்தைத் தினமும் நிறுத்தி, தெரபிஸ்டுகள் வேலையை ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் அந்தப் பிரிவில் 59 சதவிகிதம். வழக்கப்படி விட்ட பிரிவில் 35 சதவிகிதம். மனக் குழப்பம் இங்கே இரண்டு நாள், அங்கே நாலு நாள்.

பிறகு 2022-ல் ஆறு நாடுகளில் 750 பேரை வைத்து இன்னொன்று செய்தார்கள். நோயாளியை இன்னும் அதிகமாக, இன்னும் கடுமையாக எழுப்பி நடமாட வைத்தால் கூடுதல் பலன் உண்டா என்பது கேள்வி. கூடுதல் பலன் இல்லை என்று வந்தது. அபாய சம்பவங்களும் அந்தப் பிரிவில் 9.2 சதவிகிதம், மற்றதில் 4.1. இதைத்தான் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆனால் அந்த "மற்ற பிரிவு" எப்படிப்பட்டது? யாரும் தொடாமல் கிடந்த பிரிவா? இல்லை. அவர்களுக்கும் தினம் சராசரி ஒன்பது நிமிஷம் அசைவுப் பயிற்சி கிடைத்தது. முதல் பிரிவுக்கு இருபத்தொரு நிமிஷம். பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் இரண்டு பக்கத்திலும் இருந்தார். ஒன்பது நிமிஷமா இருபத்தொரு நிமிஷமா என்பது அவர்கள் சண்டை. பூஜ்யமா ஒன்பதா என்பது நம்முடைய சண்டை. வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கு இரண்டாவது பந்தியால் லாபமில்லை என்று நிரூபித்துவிட்டு, பட்டினி கிடப்பவனுக்கும் சோறு வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லலாமா?

அபாயம் 9.2 சதவிகிதம் என்பதையும் ஒதுக்க வேண்டாம். அது யார் பக்கத்து வாதம்? அளவு மீறினால் கெடுதல் உண்டு என்றால், அளவு தெரிந்த கை வேண்டும் என்றுதானே அர்த்தம்! அடுத்த வருஷமே, 2023-ல், சிக்காகோவில் 200 பேரைப் பார்த்த கணக்கும் வந்தது. யந்திரத்தில் வைத்தவுடன் சீக்கிரமாகவே தெரபி ஆரம்பித்தவர்களில் ஒரு வருஷம் கழித்து அறிவு மங்கியிருந்தவர்கள் 24 சதவிகிதம். வழக்கப்படி விட்டவர்களில் 43 சதவிகிதம். இதை ஏன் மேடையில் சொல்லுவதில்லை?

"அதெல்லாம் பணக்கார நாட்டு விவகாரம்" என்று அடுத்த சப்பைக்கட்டு. பிரேசில் பணக்கார நாடா? அங்கே 2010-ல் அரசாங்கமே ஒரு விதி போட்டது: தீவிர சிகிச்சையில் பத்துப் படுக்கைக்குக் குறைந்தது ஒரு பிசியோதெரபிஸ்ட், காலை, பிற்பகல், இரவு மூன்று முறையிலுமாக நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம். ஷிப்டு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி! சளி இராத்திரி எட்டு மணிக்கு மேல் நுரையீரலை அடைக்காது என்று அவர்கள் நினைக்கவில்லை. பிரிட்டனில் 2015-ல் வகுத்த அளவுப்படி, நோயாளிக்குத் தேவைப்படும் ஒவ்வொரு தெரபியும் தினம் குறைந்தது 45 நிமிஷம், வாரத்துக்கு ஐந்து நாளாவது தர முன்வர வேண்டும்.

யந்திரம் வருவதற்கு முன்பே கை வந்தது என்பதையும் இந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறோம். 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுத் தசை விழுந்த குழந்தைகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் செத்துக்கொண்டிருந்தார்கள். போதுமான யந்திரங்கள் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற டாக்டர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்பலாம் என்று காட்டினார். பையை அமுக்கியது யார்? வைத்திய மாணவர்கள். நூற்றுக்கணக்கான மாணவர்கள், முறை வைத்து, இரவும் பகலும், மாதக் கணக்காக! சாவு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. உலகத்தின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்று மறு வருஷம் அதே நகரில் பிறந்தது இந்தக் கைகளிலிருந்துதான்.

நம் நாட்டில் மட்டும் இந்த மரபு இல்லையா? 1950-லேயே பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் ஆக்குபேஷனல் தெரபிக்குப் பள்ளி ஆரம்பித்தார் கமலா நிம்ப்கர். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயல் இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. வழி காட்டியவர்கள் இருந்தார்கள். அந்த வழியைத் தீவிர சிகிச்சைக் கட்டில் வரைக்கும் நீட்ட வேண்டியவர்கள்தான் நடுவழியில் நின்றுவிட்டார்கள்.

2020 மே மாதம், கொரோனா நேரத்தில், பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 3,100 கோடி ரூபாய் ஒதுக்கியதாக அறிவித்தார்கள். அதில் 50,000 சுவாச யந்திரங்களுக்கு 2,000 கோடி; வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 1,000 கோடி; தடுப்பூசி முயற்சிக்கு 100 கோடி. கூட்டிப் பாருங்கள், சரியாகிவிட்டது. யந்திரத்தில் கிடக்கப்போகிறவர்களை எழுப்பி நடத்தும் கைகளுக்கு அந்தக் கணக்கில் தனியாக ஒரு காசு இல்லை.

2021 மார்ச்சில் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது: பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலியோரின் படிப்புக்கும் பதிவுக்கும் ஒரு தேசியக் கமிஷன், மாநிலம்தோறும் கவுன்சில். நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் ஏட்டில் கிடந்தது. 2024 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, இரண்டு மாதத்துக்குள் அமலாக்கு என்று கெடு வைக்க வேண்டியதாயிற்று. தாமே போட்ட சட்டத்தை நடத்தக் கோர்ட்டு தார்க்குச்சி போட வேண்டியிருக்கிறது!

மாநில சர்க்காரையும் கேட்கிறோம். 2021 டிசம்பரில் சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்று திட்டம் தொடங்கினார்கள். அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு, வரவேற்கிறோம். அதே வருஷம் ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார், அதையும் வரவேற்கிறோம். ஆனால் நாற்பத்தொன்பதாவது மணிக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே கிடக்கிற அந்த இருபது நாள் யார் பொறுப்பு? தசை கரைவது அங்கேதான். வீட்டுக்கு வந்தபின் வந்து பார்க்கிறவர், கரைந்துபோன தசையைத்தான் பார்க்கிறார். அவரும் ஒப்பந்தத்தில், ஒரு வட்டாரம் முழுவதும் சுற்ற வேண்டியவர்.

பட்டம் பெற்ற பையன்களும் பெண்களும் நாட்டில் இல்லாமல் இல்லை. வருஷா வருஷம் காலேஜ்களிலிருந்து வெளியே வருகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளில் சொற்பச் சம்பளத்துக்குத் திண்டாடுகிறார்கள். அவர்களைப் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு மாதமோ ஒரு வருஷமோ சம்பளத்தோடு பழக வைத்து, சோதித்து, நிரந்தர வேலை கொடுத்து, மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினால் என்ன கெட்டுவிடும்? உபகாரச் சம்பளம் இல்லாத பயிற்சி என்று ஆரம்பித்தால் பணக்கார வீட்டுப் பிள்ளைதான் வரும். அதையும் இப்போதே சொல்லி வைக்கிறோம். நோயாளிகூட இருக்கும் மனைவியையும் தாயையும் பார்த்து "நீங்களே கையைக் காலை அமுக்கி விடுங்க" என்று தள்ளிவிடுகிற தந்திரமும் வேண்டாம். வீட்டு ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு. வீட்டு ஆளின் தலையில் கட்டுவது வேறு. கூலி போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கிற பெண்ணிடம் இன்னும் என்ன பிடுங்கப் போகிறீர்கள்?

பத்துப் படுக்கைக்கு ஒருவர், இரவு முறை உட்பட. தீவிர சிகிச்சையில் கிடந்து பலவீனம் கண்ட தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. நோய் உதவி, அவன் எழுந்து வேலைக்குப் போகும் நாள் வரை. இவ்வளவுதான் நாம் கேட்பது.

தோழர்கள் இதை அதிகாரிகளின் தயவுக்கு விட்டுவிட வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. வெள்ளைத் தாளில் மனு எழுதி, பத்து ரூபாய் கட்டணத்தோடு உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் அனுப்புங்கள். தீவிர சிகிச்சையில் எத்தனை படுக்கை? அங்கே வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் எத்தனை பேர். அவர்களில் அந்தப் பிரிவுக்கென்று பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர்? இரவு எட்டு மணிக்கு மேல் யார் இருக்கிறார்? விழுங்குவதைச் சோதிக்க ஆள் உண்டா? முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வருகிற பதில்களைச் சங்க ஆபீஸில் கொண்டுவந்து கொடுங்கள். ஊர் ஊராக, படுக்கை எண்ணிக்கையோடு, நாம் அவற்றை இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.